பத்து நொடி இருட்டு

மூன்றாம் காட்சிக்கும் நான்காம் காட்சிக்கும் நடுவே
பத்து நொடி.
விளக்கு என் பொறுப்பு.
அதற்குள் மாணவன் ஆசிரியரை
நாற்காலியிலிருந்து தூக்கிக்
கட்டிலில் கிடத்தியாக வேண்டும்.

டாஃபின் நகரக் கூடம். வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஆசிரியராக நடிப்பவர் ஓரெஸ்ட் ஹ்னாட்டியுக்.
பகலில் பனி வாரும் வண்டி ஓட்டுகிறார்.
நூற்றெட்டுக் கிலோ.
காட்சிக்குக் காட்சி மெலிய வேண்டியவர்.
மாணவன் வேட். காப்பீட்டு முகவர், முதுகுவலிக்காரன்.
பதினாறு வருடம் கழித்துத் தேடி வருகிறான்,
கோட்டைக் கழற்றாமலே உட்கார்கிறான்,
மெல்ல மெல்லக் கழற்றுகிறான்.
இதெல்லாம் வெளிச்சத்தில் நடப்பது.
டிக்கெட் வாங்கிய எல்லோரும் பார்த்தது.

இருட்டில் நடப்பதைப் பார்த்தவன் நான் ஒருவன்.
வேட் குனிவான்.
சாகக் கிடப்பவர் அவன் காதில்
"ஒண்ணு, ரெண்டு" என்பார்.
மூன்றுக்குத் தன் காலாலேயே உந்தி எழுவார்.
தூக்குவதுபோல் இவன், தூக்கப்படுவதுபோல் அவர்.
கட்டில் ஒருமுறை கிறீச்சிடும்.
நான் வெளிச்சம் கொண்டுவருவேன்.
முன்வரிசையில் மூக்குறிஞ்சல் தொடங்கும்.

கடைசி இரவு
ஓரெஸ்ட் எண்ணவில்லை.
பாரமாக இருந்தார், அவ்வளவுதான்.
முழு நூற்றெட்டும்.
வேட் முயன்றான். முட்டி மடங்கியது.
நாற்காலி ஒரு சாண் நகர்ந்தது.
பத்து நொடி தீர்ந்தும்
என் விரல் பொத்தான்மேல் நின்றது.
பதினான்கு. பதினெட்டு.
கெட்ட வார்த்தை ஒன்றைச் சொன்னான் வேட்,
ஜெபம் சொல்லும் குரலில்.
பிறகு கைகளை மாற்றினான்:
ஒன்று முழங்காலுக்குக் கீழே,
ஒன்று அக்குளைச் சுற்றி,
கன்னம் அந்த வழுக்கைமேல் அழுந்த.
ஒத்திகையில் இல்லாத பிடி.
இருபத்தேழில் கட்டில் கிறீச்சிட்டது.
இன்னும் மூன்று கொடுத்தேன்,
மூச்சு வாங்கட்டும் என்று.

"அந்த மௌனம் பிரமாதம்" என்றார் மருந்துக்கடைக்காரர்.

ஏன் அப்படி என்று ஓரெஸ்டைக் கேட்டேன்.
முகத்துச் சாம்பல் பூச்சைத் துடைத்தபடி
கால் மரத்துப்போச்சு என்றார்.
பாதி நம்பினேன்.

எழுந்து நின்று கைதட்டிய நூற்று நாற்பது பேரும்
ஒரே தெரு வழியாகத்தான் வீட்டுக்குப் போனார்கள்.
அந்தத் தெருவில் முதியோர் இல்லம்.
ஜன்னல்கள் எரிந்தன. எந்தக் காரும் வேகம் குறைக்கவில்லை,
என்னுடையது உட்பட.
வடிவியல் நடத்திய மிஸ் ஃபிரீசன் அங்கே இருப்பது
நாலு வருடமாக எனக்குத் தெரியும்.
முதலில் நேரமில்லை, அப்புறம் வெட்கம்.
வெட்கத்துக்கு வட்டி உண்டு.

திங்கட்கிழமை கட்டிலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்,
இல்லத்திடம் இரவல் வாங்கியது.
நானும் வேட்டும் தெருவோடு தள்ளிக்கொண்டு போனோம்.
சக்கரங்களில் பனி அடைத்தது.
எதிரே வந்த லாரிக்காரர் தொப்பியைக் கழற்றினார்,
வெறுங்கட்டிலுக்கு.

கதவைத் திறந்த நர்ஸ்
"நல்லவேளை, ஏழாம் அறைக்கு உடனே வேணும்" என்றாள்.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.
கதவில் பெயர் எழுதியிருந்தது.

தலையணையில் ஓரெஸ்டின் சாம்பல்,
ஒரு கன்னத்தின் அளவு.
வேறு உறை கேட்டேன். அலமாரியைக் காட்டினாள்.
நான் மாற்றிக்கொண்டிருந்தபோது
வேட் கோட்டைக் கழற்றி ஓரமாகப் போட்டு
சட்டைக் கையை மடித்துவிட்டான்.
நாற்பது கிலோகூட இருக்கமாட்டார் மிஸ் ஃபிரீசன்.
கண்ணைத் திறந்து எங்களைப் பார்த்தார்,
நிரூபணம் எழுதாமல் விடையை மட்டும்
எழுதிவைத்தவர்களைப் பார்ப்பதுபோல.

வேட் குனிந்தான்.
"ஒண்ணு, ரெண்டு" என்றான்.

மூன்றை அவர் சொன்னார்.